ஸ்பீகல்குருண்ட் மருத்துவர் ஹைன்ரிஹ் குரோஸ்: கேள்வி பதில்

கேள்வி: குழந்தைகளைக் கொன்ற மருத்துவமனையில் பணியாற்றிய ஒருவர், போருக்குப் பின் அரசு விருது பெறும் அளவுக்கு உயர்ந்தது உண்மையா, ஐயா?

பதில்: உண்மை. வியன்னாவின் ஸ்டைன்ஹோஃப் மனநல மருத்துவமனை வளாகத்தில் நாஜி ஆட்சியின்கீழ் 1940 முதல் 1945 வரை இயங்கிய ஸ்பீகல்குருண்ட் நிலையத்தில், வளர்ச்சி குன்றியவர்கள் என்றோ திருத்த முடியாதவர்கள் என்றோ முத்திரை குத்தப்பட்ட சிறார்களில் 789 பேர் இறந்தனர். லூமினல் என்னும் தூக்க மருந்தை அளவுக்கு மீறிக் கொடுத்து, பட்டினியும் குளிரும் சேர, நிமோனியா வரும்வரை விட்டுவைத்தார்கள். இறப்புக்குக் காரணம் நிமோனியா என்று பதிவேட்டில் எழுதியபோது, அது பொய்யாகக்கூட இருக்கவில்லை. அங்கு மருத்துவராக இருந்த குரோஸுக்குத்தான் 1975இல் ஆஸ்திரியா அறிவியல், கலைக்கான முதல் வகுப்பு மதிப்புச் சிலுவையை வழங்கியது.

கேள்வி: அவரை யாரும் விசாரிக்கவில்லையா?

பதில்: விசாரித்தார்கள். நிலையத்தின் தலைவர் எர்ன்ஸ்ட் இல்லிங் 1946இல் தூக்கிலிடப்பட்டார். தாமதமாகப் பிடிபட்ட குரோஸுக்கு 1950இல் கிடைத்தது இரண்டாண்டுச் சிறை. அதையும் உச்ச நீதிமன்றம் மறு ஆண்டே ரத்து செய்ய, அரசுத் தரப்பு வழக்கைக் கைவிட்டது. பழைய நாஜிகளின் வாக்குகளுக்கு எல்லாக் கட்சிகளும் வலைவீசத் தொடங்கிவிட்ட காலம் அது.

கேள்வி: அவருடைய ஆராய்ச்சி எதைப் பற்றியது?

பதில்: கேட்கவே கூசும் பதில் இது. கொல்லப்பட்ட குழந்தைகளின் மூளைகளைக் கண்ணாடிக் குடுவைகளில் சேமித்து, அவற்றைக் கொண்டே பல ஆண்டுகள் கட்டுரைகள் எழுதினார். 1968இல் அவருக்கென ஓர் ஆய்வு நிறுவனமே அமைக்கப்பட்டது. அந்த எச்சங்கள் 2002இல்தான் அடக்கம் செய்யப்பட்டன.

கேள்வி: பிறகு எப்படி அம்பலமானார்?

பதில்: குரோஸ் நீதிமன்றங்களுக்கு மனநலச் சான்று தரும் நிபுணராகவும் இருந்தார். 1975இல் திருட்டு வழக்கில் சிறையிலிருந்த ஃப்ரீட்ரிஹ் ஸாவ்ரெலைப் பரிசோதிக்கச் சென்றபோது, சிறுவயதில் ஸ்பீகல்குருண்டில் அடைபட்டுத் தப்பிய அவர், எதிரில் அமர்ந்திருப்பவர் யாரென்று கண்டுகொண்டார். குரோஸ் எழுதிய அறிக்கையோ அவரை நிரந்தரமாக அடைத்துவைக்கப் பரிந்துரைத்தது; அதற்கு நாஜிக் கால ஆவணத்தையே சான்றாகக் காட்டவும் அவர் தயங்கவில்லை. 1979இல் வெர்னர் ஃபோக்ட் என்ற மருத்துவர் வெளிப்படையாகக் குற்றம்சாட்ட, குரோஸ் அவதூறு வழக்குத் தொடுத்து, 1981இல் தோற்றார்.

கேள்வி: தண்டனை?

பதில்: இல்லை. கொலைகளில் அவருக்குப் பங்குண்டு என்று மேல்முறையீட்டு நீதிமன்றமே கூறிய பின்னும் அரசுத் தரப்பு அசையவில்லை. ஒன்பது குழந்தைகளைக் கொன்றதாக ஒருவழியாகத் தொடரப்பட்ட வழக்கு, 2000 மார்ச்சில் அவருக்கு மறதிநோய் என்று சொல்லி நிறுத்திவைக்கப்பட்டது. வெளியே வந்தவர் ஒரு காபிக் கடையில் அமர்ந்து தொலைக்காட்சிக்குத் தெளிவாகப் பேட்டி கொடுத்தார். விருதை 2003இல் பறித்தார்கள். 2005இல் இறக்கும்வரை வழக்கு மீண்டும் நடக்கவேயில்லை.