மாலை அறிக்கையும் மாவட்டக் கணக்கும்: கேள்வி பதில்

கொரோனா காலத்தில் டெல்டா மாவட்டங்களின் தொற்று எண்ணிக்கை எவ்வாறு தொகுக்கப்பட்டது என்று வாசகர்கள் கேட்டவற்றுக்கு, வட்டார சுகாதாரப் புள்ளியியலாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்ற நம் உறுப்பினர் விடையளிக்கிறார்.

மன்னார்குடி வாசகர்: எங்கள் தெருவில் திங்களன்று மாதிரி கொடுத்தவர்கள் வியாழக்கிழமைக் கணக்கில்தான் வந்தார்கள். மறைத்துவைத்தார்களா ஐயா?

இல்லை. காய்ச்சல் கண்ட நாள், மாதிரி எடுத்த நாள், ஆய்வக முடிவு வந்த நாள், அறிக்கையில் ஏறிய நாள் என ஒரே நோயாளிக்கு நான்கு தேதிகள் உண்டு. மாநில சுகாதாரத் துறை நாள்தோறும் வெளியிட்ட மாலை அறிக்கை கடைசித் தேதியை மட்டுமே காட்டியது. தமிழ்நாடு ஆர்டி-பிசிஆர் என்ற ஆய்வகப் பரிசோதனையின் முடிவுகளையே ஏற்றதால், ஆய்வகத்தில் மாதிரிகள் தேங்கினால் எண்ணிக்கையும் தேங்கியது. எனவே ஒரு நாள் எண்ணை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். ஏழு நாள் சராசரியைப் பாருங்கள்.

மயிலாடுதுறை வாசகர்: நாகையில் வசிப்பவர் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சேர்ந்தால் எந்த மாவட்டக் கணக்கு?

முகவரி எந்த மாவட்டமோ அந்த மாவட்டக் கணக்கு. ஆனால் மாதிரிப் படிவத்தில் எந்த முகவரி எழுதப்பட்டது என்பதுதான் சிக்கல். சென்னையில் வேலை பார்த்து ஊர் திரும்பியவர் ஆதார் அட்டையை நீட்டினால் ஒரு முகவரியும், வாயால் சொன்னால் வேறொரு முகவரியும் பதிவாகலாம். காரைக்கால் பக்கத்திலேயே இருந்தாலும் அதன் எண்ணிக்கை புதுச்சேரி அறிக்கையில்தான் வரும். உங்கள் மாவட்டம் 2020 டிசம்பரில்தான் தனியாகச் செயல்படத் தொடங்கியது என்பதால், அதற்கு முந்தைய நாகப்பட்டினம் எண்களில் நீங்களும் அடக்கம். 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளையும் ஒரே கோட்டில் வரைந்து காட்டுபவர்களை நம்ப வேண்டாம்.

பட்டுக்கோட்டை வாசகர்: திருவாரூரைவிடத் தஞ்சாவூரில் எப்போதும் அதிகமாக இருந்ததே?

2011 கணக்கெடுப்பின்படி தஞ்சாவூர் மாவட்டத்தில் ஏறத்தாழ 24 லட்சம் பேர், திருவாரூரில் 12.6 லட்சம் பேர். லட்சத்துக்கு எத்தனை என்று வகுத்துப் பார்த்துவிட்டு ஒப்பிடுங்கள்.

பாபநாசம் வாசகர்: 2021 மார்ச்சில் பள்ளிகளில் திடீரெனப் பரவியது எப்படி?

அம்மாப்பேட்டைப் பள்ளியொன்றில் தொற்று தெரியவந்ததும் பிற பள்ளிகளிலும் மாணவர்களைப் பரிசோதித்தார்கள். தேடிய இடத்தில் எண் கூடும். அந்த ஏற்றத்தில் பரவல் எவ்வளவு, தேடல் எவ்வளவு என்பதை, எத்தனை பேரைச் சோதித்தார்கள் என்ற எண்ணை அருகில் வைக்காமல் சொல்ல முடியாது.

வேதாரண்யம் வாசகர்: ஞாயிறு கழித்து எண் குறைந்தது ஏன்?

முதல் பதிலைப் படியுங்கள்.

கும்பகோணம் வாசகர்: இரண்டாம் அலையில் எங்கள் ஊர்ச் சுடுகாட்டில் எரிந்தவை வேறு, அறிக்கையில் வந்தவை வேறு. இது அப்பட்டமான பொய்க் கணக்கு.

நாகை வாசகர் (குறுக்கிட்டு): நேர்மாறாகத்தான் நடந்தது. சர்க்கரை நோயால் இறந்தவரையெல்லாம் கொரோனாவில் சேர்த்தார்கள்.

இருவரும் சண்டையிடுவதற்கு முன் ஒரு மரணக் குறிப்பைப் பார்ப்போம். வயது, ஆணா பெண்ணா, மாவட்டம், உடனிருந்த நோய்கள், மருத்துவமனையில் சேர்ந்த தேதி, இறந்த தேதி, காரணம் ஆகியவை மாநில அறிக்கையில் ஒவ்வொருவருக்கும் இருந்தன. நாகை நண்பருக்கு: சர்க்கரை நோயோடு ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தவர், தொற்று வந்து நுரையீரல் கெட்டு இறந்தால், அடிப்படைக் காரணம் கொரோனாதான், சர்க்கரை துணைக் காரணமாகவே எழுதப்படும். உலக சுகாதார நிறுவனத்தின் சான்றிதழ் நெறி அதுதான்.

கும்பகோணம் நண்பருக்கு: சுடுகாட்டுப் பதிவேட்டில், பரிசோதனை முடிவு வராமலும் ‘இல்லை’ என்று வந்தும் இறந்த சந்தேக நோயாளிகளும் அதே கட்டுப்பாடுகளுடன் எரிக்கப்பட்டதால் சேர்ந்திருப்பார்கள், வேறு மாவட்டத்தவரும் இருப்பார்கள். ஆகவே இடைவெளி முழுவதையும் பொய் என்பது தவறு. விடுபடவே இல்லை என்பதும் தவறு. சென்னையில் விடுபட்டிருந்த 444 மரணங்களை 2020 ஜூலையில் அரசே சேர்த்தது. பரிசோதித்து 30 நாட்களுக்குள் நேர்ந்த மரணங்களைக் கணக்கில் கொள்ளும் மத்திய நெறிமுறை 2021 செப்டம்பரில்தான் வந்தது.

திருத்துறைப்பூண்டி வாசகர்: கபசுரக் குடிநீர் இப்போதும் குடிக்கலாமா?

மருத்துவரிடம் கேளுங்கள். நான் எண்களின் ஆள்.

கும்பகோணம் வாசகர்: அப்படியானால் உண்மையை நான் எங்கே தேடுவது?

பிறப்பு இறப்புப் பதிவேட்டில். 2018, 2019 ஆகிய ஆண்டுகளின் ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான மொத்த இறப்புகளை 2021-இன் அதே மாதங்களோடு ஒப்பிடுங்கள். காரணம் என்னவென்ற சண்டையே அங்கு எழாது. பதிவு செய்த தேதியை விட்டுவிட்டு இறந்த தேதியை எடுங்கள், ஏனெனில் 21 நாள் அவகாசம் உண்டு, பலர் அதையும் தாண்டித்தான் வந்தார்கள். இன்னொன்று: தொற்று, வசிக்கும் மாவட்டத்தில் எண்ணப்பட்டது; இறப்போ நேர்ந்த இடத்தில் பதிவாகிறது. பாபநாசத்துக்காரர் கும்பகோணம் மருத்துவமனையில் இறந்திருந்தால் உங்கள் பதிவேட்டில்தான் இருப்பார்; நிரந்தர முகவரி பார்த்து அவர்களைப் பிரித்த பிறகு கூட்டுங்கள்.