மாத்திரைக் கணக்கில் மிச்சம் எது?

கேள்வி: ஐயா, அரசு ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து வாங்கியதில் இத்தனை கோடி மிச்சம் என்று அறிவிக்கிறார்களே, அதை நம்பலாமா?
- வாசகி, நாமக்கல்

பதில்: எந்த விலையோடு ஒப்பிட்டார்கள் என்று முதலில் கேளுங்கள் அம்மா. அதைச் சொல்லாத கோடிகளை நான் படிப்பதே இல்லை.

அரசு மருந்துக் கிடங்கில் ஸ்டாக் ரிஜிஸ்தர் எழுதியே ஓய்வு பெற்றவன் நான். ஒரு உதாரணக் கணக்குப் போடுவோம். மாத்திரையின் அட்டை விலை, அதாவது அட்டையில் அச்சிட்ட கடை விலை, 2 ரூபாய். போன டெண்டரில் 40 காசு, இந்த டெண்டரில் 36 காசு. 10 லட்சம் மாத்திரை வாங்குகிறோம். அட்டை விலையோடு ஒப்பிட்டால் மிச்சம் 16,40,000 ரூபாய். போன டெண்டரோடு ஒப்பிட்டால் வெறும் 40,000. சரி, அதில் 7 லட்சம்தான் நோயாளிகளுக்குப் போனது, மீதி காலாவதி என்று வையுங்கள். பழைய விலைக்கே 7 லட்சம் வாங்கியிருந்தால் 2,80,000 ரூபாயோடு முடிந்திருக்கும்; நாம் கொடுத்ததோ 3,60,000. ஆக, 80,000 நஷ்டம்! மேடையில் எந்த எண்ணை வாசிப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

அட்டை விலையை வைத்து மிச்சம் பேசுவது எனக்குப் பிடிக்காது. மாநிலம் முழுவதற்கும் சேர்த்து டெண்டர் விட்டு வாங்கத்தானே தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தை 1994-இல் தொடங்கினார்கள்? கடை விலைக்கு இங்கே என்ன வேலை?

வரியிலும் கவனம் வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான மருந்துகளுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆனது. வரி சேர்த்த விலைகளை ஒப்பிட்டால், டெண்டர் போட்டவர் சும்மா இருந்தாலே மிச்சம் வந்துவிடும். போன டெண்டர் விலை, வரி நீங்கலாக, நோயாளி கைக்குப் போன எண்ணிக்கை: எல்லா மாவட்டமும் இந்த ஒரே கணக்கைப் போட்டால்தான் ஒன்றோடு ஒன்றை ஒப்பிட முடியும்.

கேள்வி: கம்பெனி 44 காசு கேட்டு, பேசிப் பேசி பழைய 40 காசுக்கே கொண்டுவந்தால் அது மிச்சமில்லையா?
- வாசகர், தேனி

பதில்: நல்ல வேலைதான், பாராட்டலாம். ஆனால் கஜானாவில் ஒரு காசும் கூடவில்லையே! அதை ‘தவிர்த்த செலவு’ என்று தனிப் பத்தியில் எழுதுங்கள், மிச்சத்தோடு கூட்டாதீர்கள். நிஜ மிச்சமும்கூடப் பணமாகக் கைக்கு வராது. மேலே சொன்ன மருத்துவப் பணிகள் கழகத்தின் முறையில் ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒரு பாஸ்புக் உண்டு. ஒதுக்கிய தொகைக்குள் கிடங்கிலிருந்து மருந்து எடுப்பார்கள். விலை குறைந்தால் அதே தொகைக்கு இன்னும் சில பெட்டி கூடுதலாக வரும், அவ்வளவுதான்.