கேஸ் இட்லியை மறிக்குமா?

கேள்வி: என் கணவருக்கு 54 வயது. பல வருஷமாக நெஞ்செரிச்சல். மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வார். நாலு மாதமாக இட்லி, சப்பாத்தி நடுநெஞ்சில் நிற்கிறதாம். தண்ணீர் குடித்தால் இறங்கிவிடுகிறது. "எல்லாம் கேஸ்" என்கிறார். நிஜமா டாக்டர்?
- ஒரு வாசகி

பதில்: கேஸ் இட்லியை மறிக்காது அம்மா.

உணவுக்குழாய் சுமார் 25 செ.மீ. நீளமுள்ள தசைக்குழாய். கவளத்துக்குப் பின்னால் சுருங்கிச் சுருங்கி அதைக் கீழே தள்ளும். தலைகீழாக நின்று விழுங்கினாலும் இரைப்பைக்குப் போய்விடும் (சோதித்துப் பார்க்க வேண்டாம்!). அடியில் மூன்று, நான்கு செ.மீ. அளவுக்கு ஒரு வளையத் தசை, கட்டிய சுருக்குப்பை வாய் மாதிரி மூடியே இருக்கும். விழுங்கும்போது சில விநாடி தளரும். வேண்டாத நேரத்திலும் தளர்ந்தால் அமிலம் எதுக்களிக்கும். அவருடைய நெஞ்செரிச்சல் அதுதான்.

அமிலத்தைத் தாங்க இரைப்பைக்குச் சளிப்படலம் உண்டு. உணவுக்குழாய்க்கு அந்த வசதி போதாது. புண்ணாகும், ஆறும், மறுபடி புண்ணாகும். தீக்காயத் தழும்பு தோலை இழுத்துப் பிடிக்குமே, அப்படித்தான் உள்ளே விழும் தழும்பும் குழாயைச் சுருக்கிவிடும்.

தண்ணீர் தடையில்லாமல் போகிறது, கெட்டி உணவு மட்டும் நிற்கிறது என்பதால் பாதை குறுகியிருக்கலாம். ஆரம்பத்திலிருந்தே தண்ணீரும் நின்றிருந்தால் அகலேசியாவைச் சந்தேகிப்பேன். அதில் குழாய்ச் சுவரின் நரம்பணுக்கள் அழிந்து, வளையத் தசை தளராமல் அடம்பிடிக்கும். எப்போதாவது அவசரமாக விழுங்கிய கறித்துண்டு மட்டும் சிக்கினால், அடியில் மெல்லிய சவ்வு வளையம் இருக்கலாம்.

தழும்பாக இருக்கலாம் என்பது என் ஊகம்தான். இந்த வயதில் புற்றுநோய் இல்லை என்று பார்க்காமல் எந்த மாத்திரையையும் நம்பி உட்காரக் கூடாது. இந்த வாரமே குடல் நோய் நிபுணரிடம் கூட்டிப்போய் எண்டோஸ்கோப்பி (வாய் வழியாகக் கேமராக் குழாய் விட்டுப் பார்ப்பது) செய்யுங்கள். சில நிமிட வேலை. தேவைப்பட்டால் துளி சதை எடுத்தும் பரிசோதிப்பார்கள். எடை குறைந்திருந்தால் மறக்காமல் சொல்லுங்கள்.

தழும்புதான் என்றால் பலூன் வைத்து விரித்துவிடலாம். சிலருக்கு இரண்டு, மூன்று முறை தேவைப்படும். அப்புறம் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை டாக்டர் சொல்லும்வரை நிறுத்தக் கூடாது; நிறுத்தினால் மறுபடி சுருங்கும்.

அதுவரை குழைந்த சோறாகக் கொடுங்கள், மென்று தின்னச் சொல்லுங்கள். எந்த மாத்திரையானாலும் ஒரு டம்ளர் தண்ணீருடன் விழுங்கட்டும்; படுக்கப்போகும் நேரத்தில் மட்டும் வேண்டாம். சிக்கியது இறங்காமல் எச்சிலைக்கூட விழுங்க முடியவில்லை என்றால், ராத்திரி இரண்டு மணியானாலும் அவசரப் பிரிவுக்குக் கிளம்பிவிடுங்கள்.