சீசன் பாதி போயாச்சு: ரோஸ்டர் (அணிப் பட்டியல்) கேள்விகளுக்குப் பதில்

162 ஆட்டங்களில் பாதி முடிந்துவிட்டால் பேஸ்பால் ரசிகர்களுக்கு ஒரு காய்ச்சல் வரும். யாரை வாங்கலாம், யாரைத் தள்ளிவிடலாம் என்று பேச்சு ஓயாது. வந்த கேள்விகளில் சிலவற்றுக்குப் பதில் சொல்கிறேன். நான் அட்லான்டா பிரேவ்ஸ் அணியின் ரசிகன். உதாரணங்களும் அந்தப் பக்கம்தான் சாயும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நேற்று மூன்று இன்னிங்ஸ் அருமையாகப் பந்து போட்ட பையனை இன்று காலை மைனர் லீக்குக்கு (கீழ்நிலை அணிக்கு) அனுப்பிவிட்டார்கள். உதை வாங்குகிற பெரியவரோ அணியிலேயே இருக்கிறார். இது என்ன நியாயம் சார்?

நியாயம் இல்லை, கணக்கு. அந்தப் பையன் மூன்று இன்னிங்ஸ் போட்டுவிட்டான் அல்லவா, அடுத்த இரண்டு மூன்று நாளைக்கு அவன் கை உதவாது. அணியில் இருப்பதோ 26 இடம், அதில் பிட்சர்களுக்கு, அதாவது பந்து போடுபவர்களுக்கு, அதிகபட்சம் 13. களைத்த கைக்கு ஓர் இடத்தை ஒதுக்கிவைக்க எந்த மேனேஜருக்கும் மனசு வராது.

இரண்டாவது விஷயம் 'ஆப்ஷன்'. பொதுவாக ஒரு வீரருக்கு மூன்று ஆப்ஷன் ஆண்டுகள் உண்டு. அவை தீரும்வரை அவரைக் கீழே அனுப்பலாம், மேலே கூப்பிடலாம், வேறு அணி கை வைக்க முடியாது. தீர்ந்துவிட்டால் வெய்வரில், அதாவது மற்ற அணிகள் எடுத்துக்கொள்ளக்கூடிய பட்டியலில், போட்டுத்தான் அனுப்பவேண்டும், அப்போது வேறு யாராவது தூக்கிக்கொண்டு போகலாம். நீங்கள் சொல்லும் பெரியவருக்கு ஆப்ஷன் இருக்காது, பையனுக்கு இருக்கும். நன்றாக ஆடியும் தப்பிக்கவில்லை, அனுப்ப வசதியாக இருப்பதால் மாட்டிக்கொண்டான்.

அனுப்பப்பட்ட பிட்சர், வேறொருவருக்குக் காயம் ஏற்பட்டால் ஒழிய, 15 நாள் கீழேயே இருக்கவேண்டும். ஒரே சீசனில் ஒருவரை ஐந்து முறைக்கு மேல் இப்படி ஏற்றி இறக்கக் கூடாது என்று 2022-இல் விதி வந்தது. அதற்கு முன்பு சில பையன்கள் ஊஞ்சல் மாதிரி போய் வந்துகொண்டிருந்தார்கள்.

கேள்வி: கிரிக்கெட் பார்த்துப் பழகியவன் நான். 26 என்கிறீர்கள், சிலர் 40 என்கிறார்கள். எது சரி?

இரண்டும் சரி. 26 பேர் அன்றைக்கு ஆடத் தயாராக இருப்பவர்கள், செப்டம்பரில் 28. நாற்பது பேர் பட்டியல் அதைவிடப் பெரிய வட்டம், மைனர் லீக்கில் இருக்கும் சிலரும் அதில் அடக்கம். அந்த நாற்பதில் இல்லாத ஒருவரை மேலே கொண்டுவர ஓர் இடம் காலியாக வேண்டும். அதற்காகத்தான் நீண்ட காயக்காரர்களை 60 நாள் காயப் பட்டியலுக்கு மாற்றுகிறார்கள். அதில் போட்டால் நாற்பதிலிருந்து ஓர் இடம் விடுபடும்.

கேள்வி: எங்கள் அணியின் பெரிய நட்சத்திரத்துக்குக் காயம், இனி இந்த ஆண்டு வரமாட்டார். வெற்றியும் தோல்வியும் சரிசமமாக நிற்கிறது. இருக்கிறவர்களை விற்றுவிட்டு அடுத்த ஆண்டைப் பார்ப்பதுதானே புத்திசாலித்தனம்?

2021 ஜூலை 10 அன்று நானும் இதையேதான் சொன்னேன். மியாமியில் ஆட்டம். ஜாஸ் சிஷம் அடித்த பந்தைப் பிடிக்க எங்கள் நட்சத்திரம் ரொனால்ட் அகுன்யா வலது மூலைச் சுவரருகே எம்பினார். இறங்கும்போது வலது முழங்கால் மடங்கியது. பந்து தனியாக உருண்டது, சிஷம் நான்கு பேஸையும் ஓடி முடித்துவிட்டார். அகுன்யா எழுந்து நடக்கப் பார்த்தார், முடியவில்லை, வண்டியில்தான் ஏற்றிக்கொண்டு போனார்கள். தசைநார் கிழிந்துவிட்டது. அந்த சீசனில் அதுவரை 24 ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி) அடித்திருந்தவர். நான் டிவியை அணைத்துவிட்டேன். சீசனையும்தான்.

நல்லவேளை, ஆட்களை வாங்கி விற்கும் எங்கள் பொது மேலாளர் அலெக்ஸ் ஆந்தோபுலோஸ் என்னைக் கேட்கவில்லை. ஐந்து நாளில் சிகாகோ கப்ஸிடமிருந்து ஜாக் பெடர்சன் வந்தார். மாதக் கடைசியில் இன்னும் மூன்று பேர்: மியாமியிலிருந்து ஆடம் டுவால், கேன்சஸ் சிட்டியிலிருந்து ஜார்ஜ் சொலேர், கிளீவ்லண்டிலிருந்து எடி ரொசாரியோ. பட்டியலைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. சொலேரின் பேட்டிங் சராசரி .192, அதாவது பத்து வாய்ப்பில் இரண்டு ஹிட்கூட இல்லை. ரொசாரியோவுக்குக் காயம், ஆகஸ்ட் இறுதியில்தான் களம் இறங்கினார். டுவாலோ முந்தைய குளிர்காலத்தில் நாங்களே கைவிட்ட ஆள். ரொசாரியோவுக்குப் பதிலாகக் கொடுத்த பாப்லோ சாண்டொவலை கிளீவ்லண்ட் வந்த கையோடு விடுவித்தது. அதாவது கிட்டத்தட்ட சும்மா கிடைத்தவர்.

விற்பதா வாங்குவதா என்று தவிப்பவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். அகுன்யாவுக்கு இணையாக இன்னொரு அகுன்யாவை ஆந்தோபுலோஸ் தேடவில்லை. தேடியிருந்தால் பண்ணையில் வளரும் பயிரையெல்லாம், அதாவது மைனர் லீக் இளைஞர்களையெல்லாம், கொடுத்திருக்கவேண்டும். அவுட்ஃபீல்டே (மைதானத்தின் வெளிப்பகுதி) ஓட்டையாகக் கிடந்தது, அதைச் சுமாரான நான்கு பேரால் அடைத்தார். முன்னணி இளைஞர் ஒருவரைக்கூட விட்டுக்கொடுக்கவில்லை.

ஆகஸ்ட் 6 வரை அந்த அணி ஒரு நாள்கூடத் தோல்வியைவிட வெற்றி அதிகம் என்ற நிலையில் இருந்ததில்லை. முடித்தது 88 வெற்றி, 73 தோல்வியுடன். பிளேஆஃபில் (சீசனுக்குப் பிந்தைய நாக்அவுட் சுற்றுகள்) டாட்ஜர்ஸுடன் நடந்த தொடரில் ரொசாரியோ 25 வாய்ப்பில் 14 ஹிட், தொடர் நாயகன். இறுதிப் போட்டியான உலகத் தொடரில் சொலேர் மூன்று ஹோம் ரன், அங்கே அவர் நாயகன். 1995-க்குப் பிறகு முதல் கோப்பை.

எல்லோருக்கும் இப்படி அமையும் என்று சொல்லமாட்டேன். அந்த ஆண்டு எங்கள் டிவிஷனில் (எங்கள் பிரிவு அணிகளில்) வெகுதூரம் முன்னால் ஓடிப்போன அணி எதுவும் இல்லை, அது பெரிய அதிர்ஷ்டம். பத்து ஆட்டம் பின்தங்கியிருந்தால் நானும் விற்கத்தான் சொல்வேன்.

கேள்வி: அப்படியானால் வருங்காலத்தைக் கொடுத்து ஆள் வாங்குவது எப்போதுமே தப்பா?

தப்பு என்று சொல்லிவிட முடியாது. 2016-இல் கப்ஸ் அணி சில மாதங்களுக்கு மட்டும் அரோல்டிஸ் சாப்மன் என்ற பிட்சரை வாங்க கிளேபர் டோரஸ் என்ற இளைஞரை யாங்கீஸுக்குக் கொடுத்தது. சீசன் முடிந்ததும் சாப்மன் அதே யாங்கீஸுக்குத் திரும்பிப் போய்விட்டார். ஆனால் 1908-க்குப் பிறகு முதல் கோப்பை வந்தது. சிகாகோக்காரர் யாரிடமாவது போய், டோரஸை விட்டது நஷ்டம்தானே என்று கேட்டுப்பாருங்கள்!

இன்னொரு பக்கம், 1987 ஆகஸ்டில் டெட்ராய்ட் டைகர்ஸ் டாயில் அலெக்சாண்டர் என்ற பிட்சரை வாங்கியது. அங்கே அவர் கணக்கில் 9 வெற்றி, தோல்வியே இல்லை. டிவிஷனையும் ஜெயித்தார்கள், பிளேஆஃபில் மினசோட்டாவிடம் தோற்றார்கள். பதிலுக்குக் கொடுத்தது ஜான் ஸ்மோல்ட்ஸ் என்ற பிட்சரை, 20 வயது, அதே மிச்சிகன் மாநிலத்தில் வளர்ந்த பையன். பின்னால் 213 வெற்றி, 154 சேவ் (முன்னிலையைக் கடைசிவரை காத்து முடித்த ஆட்டங்கள்), 2015-இல் ஹால் ஆஃப் ஃபேம் என்ற பேஸ்பால் புகழ் மண்டபத்தில் இடம். வாங்கிக்கொண்டது யார் என்கிறீர்கள்? நாங்கள்தான்.

கேள்வி: டிரேட் (அணிகளுக்கிடையே ஆள் மாற்றம்) கெடு முடிந்தபிறகு ஆளே எடுக்க முடியாதா?

விடுவிக்கப்பட்டவர்களையும் வெய்வரில் வருபவர்களையும் எடுக்கலாம். ஆகஸ்ட் 31-க்குள் எடுத்தால்தான் பிளேஆஃபில் ஆட முடியும். முன்பு ஆகஸ்டிலும் வெய்வர் வழியாக டிரேட் நடக்கும், 2019-இலிருந்து அதை நிறுத்திவிட்டார்கள்.

கேள்வி: விஷயத்துக்குச் சம்பந்தமில்லாத கேள்வி. பெடர்சன் கழுத்தில் போட்டிருந்த முத்துமாலை நிஜ முத்தா?

நிஜ முத்து என்றுதான் அவரே சொன்னார். அந்த அக்டோபரில் அட்லான்டா மைதானத்தில் பாட்டி முதல் பேரன் வரை எல்லார் கழுத்திலும் முத்து தொங்கியது. அவருடைய மாலை கூப்பர்ஸ்டவுன் ஹால் ஆஃப் ஃபேமுக்குப் போய்விட்டது. என் மனைவியின் மாலையை நான் இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.