சும்மா இருக்கும்போதே 70 டிகிரியா? பிராசசரை மாற்றாதீர்கள், நாலு பின்னைப் பாருங்கள்

கேள்வி: மூன்று வருடத்துக்கு முன் ரிச்சி தெருவில் பாகங்கள் வாங்கி அசெம்பிள் செய்த டெஸ்க்டாப். இன்டெல் ஐ5 12400, பெட்டியோடு வந்த கூலர்தான். போன மாதம் பெரம்பூரிலிருந்து மடிப்பாக்கத்துக்கு வீடு மாறினோம். அப்போதிலிருந்து எதையும் திறக்காமல் சும்மா வைத்திருந்தாலே 68, 72 என்று சூடு காட்டுகிறது. ஃபேன் இரைச்சலும் தாங்கவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தவர், பிராசசரும் போர்டும் அடி வாங்கிவிட்டன, மாற்ற 22,000 ரூபாய் ஆகும், இல்லாவிட்டால் பிராசசரைத் தண்ணீர் ஓட்டிக் குளிர்விக்கும் வாட்டர் கூலர் போட்டுச் சமாளிக்கலாம் என்கிறார். மகள் இதில்தான் படிக்கிறாள். என்ன செய்யலாம்?
ஒரு வாசகர், மடிப்பாக்கம்

பதில்: முதலில் அந்த 22,000 ரூபாய் பேச்சை அப்படியே நிறுத்திவையுங்கள். அட்வான்ஸாக ஆயிரம் கேட்டாலும் கொடுக்க வேண்டாம். விடை உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. வீடு மாறினீர்கள், அதிலிருந்து சூடு. பிராசசரில் அசைகிற பாகம் எதுவும் கிடையாது. குட்டியானை வண்டியில் பெரம்பூரிலிருந்து மடிப்பாக்கம் வரை குலுங்கி வந்ததால் அது கெட்டுப்போவது அபூர்வம். அப்படிக் கெட்டுப்போன பிராசசர் மெஷினையே ஆன் ஆக விடாது, அல்லது பாதியில் நின்று நின்று போகும். இப்படி ஒழுங்காக வேலையும் செய்துகொண்டு கூடவே கொதிக்காது. அசைந்திருப்பது அதன் தலைமேல் உட்கார்ந்திருக்கும் கூலர்.

அந்தக் கூலரை மதர்போர்டோடு பிடித்துவைத்திருப்பது நான்கு பிளாஸ்டிக் பின்கள். ஸ்குரூ கிடையாது. கேபினெட் நின்ற வாக்கில் இருக்கும்போது அலுமினியமும் ஃபேனுமாக அந்த எடை முழுக்க, ஆணியில் மாட்டிய பை மாதிரி பக்கவாட்டில் தொங்கும். வேகத்தடைக்கு வேகத்தடை ஓர் இழுப்பு. நாலில் ஒன்று கழன்றால் போதும், கூலரின் ஒரு ஓரம் மயிரிழை தூக்கிக்கொள்ளும், இடையில் காற்று புகுந்துவிடும். வெப்பத்தைக் கடத்துவதில் காற்றைப் போலச் சோம்பேறி கிடையாது.

சரி, எவ்வளவு சூடு இருந்தால் சரி? யூடியூபில் 30 டிகிரி காட்டுகிறவரின் அறையில் ஏசி ஓடிக்கொண்டிருக்கும், அல்லது அவர் ஊரில் பனி பெய்துகொண்டிருக்கும். நம் கணக்கு வேறு. அறையின் வெப்பத்தோடு 10 முதல் 15 டிகிரி கூட்டிக்கொள்ளுங்கள். கத்திரி வெயிலில், மொட்டைமாடிக்குக் கீழே உள்ள அறையில் மதியம் 36 டிகிரி என்றால், சும்மா இருக்கும் கம்ப்யூட்டர் 50 காட்டுவதில் தப்பே இல்லை. 70 தப்புதான். அதற்காகப் பயப்படவும் வேண்டாம். உங்கள் பிராசசரின் எல்லை 100 டிகிரி. அதைத் தொட்டால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமை வரை மகள் அதில் பாடம் படிக்கட்டும், கேம் மட்டும் வேண்டாம்.

நீங்கள் எதையும் திறக்காமல் இருக்கலாம், கம்ப்யூட்டர் சும்மா இருக்கிறதா என்பது வேறு விஷயம். ஆன் செய்து பத்து நிமிடம் கழித்து டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். பிராசசர் 5 சதவீதத்துக்குள் இருந்தால் சும்மா இருக்கிறது என்று அர்த்தம். 30, 40 என்று ஓடினால் அப்டேட்டோ ஆன்டிவைரஸோ ஏதோ வேலை செய்கிறது. கடைக்காரர் காசில்லாமல் போட்டுத் தந்த விண்டோஸ் என்றால் இன்னொரு சந்தேகமும் எனக்கு வரும். அதை ஆக்டிவேட் செய்யப் போடும் கிராக் ஃபைலோடு யாருக்கோ கிரிப்டோ காசு சம்பாதித்துக் கொடுக்கும் புரோகிராமும் ஒட்டிக்கொண்டு வரலாம். அதில் சில, டாஸ்க் மேனேஜரைத் திறந்தவுடன் நல்ல பிள்ளையாக அடங்கிவிடும். விண்டோஸ் செட்டிங்ஸில் பவர் பிளான் 'பேலன்ஸ்டு' என்பதில் இருக்கட்டும். சூட்டைப் பார்க்க கோர் டெம்ப் அல்லது ஹெச்டபிள்யூ இன்ஃபோ என்ற புரோகிராம் போதும். விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் பயாஸ் திரையில் போய்ப் பார்க்காதீர்கள், அங்கே மின்சார சிக்கனம் முழுதாக வேலை செய்யாததால் எப்போதும் சில டிகிரி கூடத்தான் காட்டும்.

இனி முக்கியமான சோதனை, இதற்கு விரல் மட்டும் போதும். 70 காட்டும்போது ஷட்டவுன் செய்து, பிளக்கைப் பிடுங்கி, கேபினெட்டின் பக்கக் கதவை உடனே கழற்றுங்கள். ஃபேனுக்குக் கீழே பக்கவாட்டில் அலுமினியத் தகடுகள் தெரியும். அதை விரலால் தொட்டுப் பாருங்கள். சில்லென்றோ, லேசான வெதுவெதுப்பாகவோ இருந்தால் பிராசசரின் சூடு கூலருக்கு வந்தே சேரவில்லை. அதாவது தொடர்பு விட்டிருக்கிறது, பின் கழன்றிருக்கிறது. அலுமினியமும் கையை எடுக்கிற அளவுக்குச் சுட்டால் சூடு வருகிறது, வெளியேறத்தான் வழியில்லை. அப்படியென்றால் தூசி, அல்லது ஃபேன், அல்லது கம்ப்யூட்டர் மேஜையின் அந்த மூடிய பொந்துக்குள் கேபினெட்டைத் திணித்து வைத்திருப்பது. உங்களுக்கு முதல் விடைதான் வரும் என்று நினைக்கிறேன்.

அப்புறம் கேபினெட்டை மேஜைமேல் படுக்க வையுங்கள், மதர்போர்டு மேல்நோக்கி இருக்கட்டும். நாலு பின்னின் தலையையும் பாருங்கள், கழன்றது மற்றவற்றைவிடக் கொஞ்சம் உயர்ந்து நிற்கும். ஒவ்வொரு தலையிலும் ஓர் அம்புக்குறி இருக்கும். அந்தப் பக்கம் திருப்பினால் இறுகும் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். அது கழற்றுவதற்கான திசை! நிறைய பேர் வீட்டிலேயே இறுக்கப் போய்த் தளர்த்திவிடுவது இப்படித்தான். அம்புக்கு எதிர்ப்பக்கம் முழுதாகத் திருப்பிவிட்டு, கட்டைவிரலால் நேராக அழுத்துங்கள், 'டக்' என்று கேட்கும். போர்டு கொஞ்சம் வளைகிற மாதிரி இருக்கும், பதற வேண்டாம். மூலைக்கு மூலை, எதிரெதிராக அழுத்திக்கொண்டு வாருங்கள். ஆன் செய்து பாருங்கள். 50க்கு இறங்கிவிட்டால் வேலை முடிந்தது.

இறங்கவில்லையா? கூலரைக் கழற்றி, பிராசசருக்கும் கூலருக்கும் இடையில் சூட்டைக் கடத்தத் தடவியிருக்கும் பழைய பேஸ்ட்டை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்துவிட்டு, பிராசசரின் நடுவில் ஒரு பட்டாணி அளவு புதிய தெர்மல் பேஸ்ட் வைத்து மறுபடி மாட்ட வேண்டும். ஒரு தடவை தூக்கிய கூலரைப் பழைய பேஸ்ட்டோடு திரும்ப வைக்கக் கூடாது. நல்ல பேஸ்ட் டியூப் சில நூறு ரூபாய்தான்.

இங்கே ஒரு விஷயம். உங்களுக்குப் பொருந்தாது, ஆனாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை, ஏனென்றால் இதைப் படித்துவிட்டு ஏஎம்டியின் ரைசன் பிராசசர் வைத்திருக்கும் யாராவது கூலரில் கை வைப்பார்கள். ஏஎம்4 என்ற சாக்கெட்டில் (போர்டில் பிராசசர் உட்காரும் இடம்) மாட்டும் ரைசனில், அதாவது 5000 சீரிஸ் வரைக்கும், பின்கள் பிராசசரின் அடியில் இருக்கும். இன்டெலில் பிராசசரை ஓர் இரும்புச் சட்டம் அமுக்கிப் பிடித்திருக்கும், ஏஎம்4-இல் அப்படி எதுவும் கிடையாது. காய்ந்த பேஸ்ட் கோந்து மாதிரி ஒட்டியிருக்கும்போது கூலரை நேராக வெடுக்கென்று இழுத்தால், பூட்டிய சாக்கெட்டிலிருந்து பிராசசரும் கூடவே பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொடிப் பொடிப் பின்கள், நாலு வளைந்தாலே தலைவலி. அதனால் முதலில் கம்ப்யூட்டரைக் கால் மணி நேரம் ஏதாவது கனமான வேலை கொடுத்துச் சூடாக்குங்கள். பேஸ்ட் இளகும். அப்புறம் ஆஃப் செய்து, பிளக்கைப் பிடுங்கி, ஸ்குரூக்களை எடுத்துவிட்டு, கூலரை ஜாடி மூடியைத் திருகுகிற மாதிரி இடதும் வலதுமாக மெதுவாகத் திருகுங்கள். தானாக வழுக்கி நகர்ந்த பிறகுதான் தூக்க வேண்டும். அடுத்து வந்த ஏஎம்5 சாக்கெட்டில் இந்தப் பிரச்சினை இல்லை.

வாட்டர் கூலர் விஷயத்துக்கு வருகிறேன். உங்களுடையது 65 வாட் பிராசசர். சும்மா இருக்கும்போது இழுப்பது ஏறக்குறைய 10 வாட். இதற்கு வாட்டர் கூலர் கேட்பது, ஒரு டம்ளர் பால் காய்ச்ச கல்யாண மண்டப அடுப்பைப் பற்றவைக்கிற கதை. தண்ணீரோ காற்றோ, எந்தக் கூலரும் அறை வெப்பத்துக்குக் கீழே இறக்காது. ஆனால் அதில் கமிஷன் உண்டு, பேஸ்ட்டில் என்ன கமிஷன் கிடைக்கும்? இந்தத் தொழிலில் இருந்துகொண்டே சொல்கிறேன், வீட்டுக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்குக் கழற்றிப் பார்க்கும் பொறுமை கிடையாது, விலை சொல்ல மட்டும் தெரியும். போன கோடையில் ஒருவர் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தார். மூன்று பேர் பார்த்துவிட்டார்களாம். எஸ்எம்பிஎஸ், அதாவது பவர் சப்ளை, மாறியிருந்தது, இரண்டு ஃபேன் கூடியிருந்தது, 16 ஜிபி ரேம் 8 ஆகக் குறைந்திருந்தது. சூடு மட்டும் அப்படியே. கூலரைக் கழற்றினேன். அடியில், மாட்டும் முன் உரித்துவிடவும் என்று எழுதிய பிளாஸ்டிக் தாள் உரிக்கப்படாமல், அதன்மேல் பேஸ்ட். மூன்று பேரில் ஒருவர்கூடக் கூலரைத் தூக்கிப் பார்க்கவில்லை.

வாரண்டி இருக்கிறதா என்று கேட்பீர்கள். பெட்டியில் வரும் இன்டெல் பிராசசருக்கு மூன்று வருடம். உங்கள் பில்லில் தேதியைப் பாருங்கள், சில நாட்கள் மிச்சம் இருக்கலாம். டிரே பிராசசர் என்று பெட்டியில்லாமல் தந்திருந்தால் கடைக்காரர் சொன்னதுதான் வாரண்டி. ஆனால் இந்தக் கோளாறுக்கு வாரண்டி கவுன்ட்டருக்குப் போவது வீண். அங்கே ஏசி 22-இல் ஓடும். மெஷினைக் கேபினெட் கதவில்லாமல் ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டு, 'நோ ப்ராப்ளம்' என்று சீட்டு ஒட்டித் தருவார்கள். மடிப்பாக்கத்துக்கு எடுத்து வந்தால் மறுபடி 70. டோக்கன் வாங்கி, பாதி நாள் உட்கார்ந்து, ஆட்டோவுக்கும் கொடுத்து, திரும்பும் வழியில் இன்னும் பத்து வேகத்தடை. இதைக் கேட்க ஆள் இல்லை. பாகத்தை மாற்றிவிட்டார்கள், பில் தர மறுக்கிறார்கள் என்றால் மட்டும் நுகர்வோர் உதவி எண் 1915-ஐக் கூப்பிடுங்கள்.

உங்களுக்குக் கை வைக்கத் தயக்கமாக இருந்தால் ஆளைக் கூப்பிடுங்கள், தப்பில்லை. ஆனால் 'சிபியு ஹீட் ஆகுது, பாருங்க' என்று சொல்லாதீர்கள், அது அவருக்கு வெற்று செக். கூலரைக் கழற்றி பேஸ்ட் மாற்றி மாட்டித் தர எவ்வளவு என்று மட்டும் கேளுங்கள். பேஸ்ட்டை நீங்களே வாங்கி வையுங்கள். வேலை உங்கள் ஹாலில், உங்கள் கண்ணெதிரே நடக்கட்டும், மெஷின் வாசலைத் தாண்ட வேண்டாம். தொடங்கும் முன் ரேம் எவ்வளவு, சூடு எவ்வளவு என்று திரையைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். முடிந்த பிறகு பத்து நிமிடம் அவருக்குக் காபி கொடுத்து உட்கார வையுங்கள். எண் ஐம்பதுக்குப் பக்கத்தில் நின்ற பிறகு காசைக் கொடுங்கள்.