1843-இல் அடிமைகளுக்கு விடுதலை கிடைத்ததா? – கேள்வி பதில்

சென்னை மாகாணத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சிக்கால அடிமைமுறை பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் பதில்களும்.

1833-லேயே பிரிட்டிஷ் பேரரசில் அடிமைமுறை ஒழிந்துவிட்டது என்று படித்தோம். இங்கே மட்டும் ஏன் 1843?

1833-இன் அடிமைமுறை ஒழிப்புச் சட்டத்தின் 64-ஆம் பிரிவு கம்பெனியின் ஆட்சிப் பகுதிகளையும் இலங்கையையும் செயின்ட் ஹெலினா தீவையும் விலக்கி வைத்திருந்தது. மற்ற இடங்களில் எஜமானர்களுக்கு 2 கோடி பவுண்டு நஷ்டஈடு. உழைத்துத் தேய்ந்தவர்களுக்கு ஒரு காசும் கிடையாது.

1843 சட்டத்தில் அப்படி என்னதான் இருக்கிறது?

1843-ஆம் ஆண்டின் 5-ஆம் சட்டம். மொத்தமே நான்கு பிரிவுகள், ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். ஒன்று: வரிபாக்கிக்காகவோ நீதிமன்றத் தீர்ப்பை நிறைவேற்றவோ எந்த அதிகாரியும் ஆளை விற்கக் கூடாது. இரண்டு: “இவன் என் அடிமை” என்று உரிமை கோரி வரும் வழக்கை எந்த நீதிமன்றமும் ஏற்று நடத்தாது. மூன்று: ஒருவர் சம்பாதித்த சொத்தை, அவர் அடிமை என்ற காரணத்தைச் சொல்லிப் பறிக்க முடியாது. நான்கு: சுதந்திர மனிதருக்குச் செய்தால் எது குற்றமோ, அது அடிமைக்குச் செய்தாலும் குற்றம்.

நான்காவது பிரிவுதான் கடுமையான சண்டைக்குப் பிறகு வந்தது. அதுவரை, எஜமான் ‘திருத்துவதற்காக’ அடித்தால் அது குற்றமா இல்லையா என்பதில் நீதிபதிகள் ஆளுக்கொரு நிலை எடுத்தார்கள்.

இல்லாததையும் பாருங்கள். “இன்று முதல் எல்லோரும் விடுதலை” என்ற வரி எங்கும் இல்லை. அடிமை வைத்திருப்பதற்குத் தண்டனையும் இல்லை. அரசு எஜமானனுக்குத் துணைநிற்பதை நிறுத்திக்கொண்டது, அவ்வளவுதான். ஆளை அடிமையாக வாங்குவதும் விற்பதும் குற்றமானது 1860-இன் இந்திய தண்டனைச் சட்டம், 370-ஆம் பிரிவில். அது நடைமுறைக்கு வந்தது 1862 ஜனவரி 1.

மலபாரில் நிலம் இல்லாமல் ஆளை மட்டும் விற்றார்களா?

விற்றார்கள். நிலத்துக்கு இருந்த மூன்று வழிகளும் செறுமர் என்ற அடிமைச் சாதியாருக்கும் இருந்தன: ஜன்மம் என்றால் முழு விற்பனை, காணம் என்றால் அடமானம், பாட்டம் என்றால் ஆண்டு வாடகை. பாட்டத்தில்தான் கொடுமை அதிகம் என்பேன். ஒரு வருடத்துக்கு மட்டும் எடுத்தவனுக்கு அந்த ஆள் அடுத்த வருடம் உயிரோடு இருப்பானா என்ற கவலை ஏது?

கம்பெனியே அங்கே அடிமைகளை வைத்துப் பணம் பார்த்தது. அரசு நிலத்து அடிமைகளால் வந்த ஆண்டு வருமானம் 927 ரூபாய் 13 அணா. 1836-இல் அதைத் தள்ளுபடி செய்து அவர்களை விடுவிக்க முடிவெடுத்தபோது, மற்ற நிலக்காரர்கள் கலங்காதபடியும் மற்ற அடிமைகளுக்கு விடுதலை ஆசை வராதபடியும் காரியத்தை முடிக்கச் சொல்லி உத்தரவு போனது. விடுதலை வந்தது, வெளியே சொல்லத்தான் கூடாது.

யாழ்ப்பாணத்திலும் இதே சட்டமா?

இல்லை, அது தனி. டச்சுக்காரர் 1707-இல் தொகுத்த தேசவழமை என்ற யாழ்ப்பாண வழக்குச் சட்டத்திலேயே அடிமைகளுக்கான விதிகள் உண்டு. கோவியர், நளவர், பள்ளர் ஆகிய சாதியார் அதில் அடிமைகளாக வருகிறார்கள். முழு ஒழிப்பு 1844-ஆம் ஆண்டின் 20-ஆம் கட்டளைச் சட்டத்தால்.

நீதிமன்றம் கைவிட்டபின் பண்ணையாள்கள் ஏன் கிளம்பிப் போகவில்லை?

எங்கே போவது? குடிசை நின்ற மனைக்கட்டே மிராசுதாருடையது. வேலையை விட்டால் அன்றே கூரையைப் பிரிக்க வேண்டும். 1892-இல் செங்கல்பட்டு கலெக்டர் டிரெமென்ஹீர் பறையர் நிலைமை பற்றி எழுதியபோதும் இந்த மனைக்கட்டுப் பிரச்சினையைச் சுட்டிக்காட்டினார்.

அடுத்தது கடன். தஞ்சைப் பகுதியில் மகன் கல்யாணத்துக்குப் பண்ணையில் பணம் வாங்குவார்கள். மகனும் அதே பண்ணைக்கு ஆளாகிவிடுவான். கூலி நெல்லாகத்தான் அளப்பார்கள். நெல் அன்றாட வயிற்றுக்கே சரியாகிவிடும், ரொக்கக் கடனை எதைக்கொண்டு அடைப்பது?

போதாததற்கு 1859-இன் 13-ஆம் சட்டம் வந்தது. முன்பணம் வாங்கிய வேலையாள் வேலையை முடிக்காவிட்டால், பணத்தைத் திருப்பித் தரவோ வேலையைச் செய்யவோ மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். மீறினால் 3 மாதம் வரை சிறை. முதலில் சென்னை, பம்பாய், கல்கத்தா நகரங்களுக்கு என்று வந்து, பிற இடங்களுக்கும் நீட்டிக்கப்பட்டது. அடிமை என்று சொல்லி இழுத்துவர முடியாத ஆளை, கடன்பட்டவன் என்று சொல்லி இழுத்துவர முடிந்தது.

வீட்டில் பழைய பத்திரக் கட்டு இருக்கிறது. அடிமை விற்பனையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் தேதி. 1843-க்கு முந்தியது என்றால், நில விற்பனையில் கிணறு, மரம், மனை என்று அடுக்கும் இடத்தை நிதானமாகப் படியுங்கள். ஆள்களும் அந்த வரிசையில் வரக்கூடும். தனி ஓலையாக இருந்தால் விலைத்தொகைக்குப் பக்கத்தில் ‘அடிமை’, ‘ஆள்’ என்ற சொற்களைத் தேடுங்கள்.

அதற்குப் பிந்தியது என்றால் ‘அடிமை’ என்ற சொல்லை மட்டும் தேடி ஏமாறாதீர்கள். நீதிமன்றத்தில் செல்லாத சொல்லை யார் எழுதுவார்? வட்டிக்குப் பதில் உழைப்பு என்றோ, கடன் தீரும்வரை வேறு இடத்தில் வேலை செய்வதில்லை என்றோ, மகனையும் சேர்த்தோ எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். கீழே கையெழுத்துக்குப் பதில் கீறல் இருந்தால் கூடுதல் கவனம் தேவை: எழுதிக்கொடுத்தவருக்கு அதில் என்ன எழுதியிருக்கிறது என்றே தெரிந்திருக்காது.