அது சூடு இல்லை, அம்மா

கேள்வி: எனக்கு வயது 53. மண்டபத்தை ஒட்டிய கடற்கரை ஊர். பாசி எடுக்கப் போய்க்கொண்டிருந்தேன். நான்கு வருடம் முன்பு புற்றுநோய் என்று மதுரையில் இடது மார்பை எடுத்து, கீமோ கொடுத்து, கரண்டும் (கதிர்வீச்சு) வைத்தார்கள். இப்போது தினமும் டமாக்சிஃபென் 20 போடுகிறேன். பயத்தில் நானாகவே லேபில் ரத்தம் கொடுத்துப் பார்ப்பேன். புற்றுநோய்க்குப் பார்க்கும் சி.ஏ. 15-3 என்ற அளவு போன தடவை 18, இப்போது 24. பெட் ஸ்கேன் எடுக்க வேண்டுமா? மகன் வெளிநாட்டிலிருந்து மஞ்சள் கேப்சூல் அனுப்பியிருக்கிறான். யூடியூப் பார்த்து முள் சீத்தா இலைக் கஷாயமும் குடிக்கிறேன். வாட்ஸ்அப்பில் சூரணம் விற்கும் ஒருவர், இங்கிலீஷ் மாத்திரையை நிறுத்தினால்தான் இது கேட்கும் என்கிறார். இனிப்பு, நண்டு, இறால் எல்லாம் விட்டுவிட்டேன். மறுபடி பாசிக்குப் போகலாமா? கீமோவோடு தூரம் நின்றுபோனது. இப்போது இரண்டு வாரமாகப் பாவாடையில் லேசாக ரத்தக்கறை. சூடுதான் என்று வெந்தயம் ஊறவைத்துக் குடிக்கிறேன். கத்தி பட்டால் பரவிவிடும் என்கிறார்கள். இனி எதையும் வெட்டாமல் காலத்தை ஓட்ட வழி சொல்லுங்கள்.

பதில்: அம்மா, வெந்தயத் தண்ணீரோடு சேர்த்துப் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த ரத்தக்கறைக்குத்தான் முதலில் பதில். நீங்கள் பயந்து பயந்து கேட்டிருக்கும் மற்ற எதிலும் அவசரம் இல்லை. இதில் இருக்கிறது. இந்த வாரத்துக்குள் மகப்பேறு மருத்துவரிடம் போய்விடுங்கள்.

தூரம் நின்று ஒரு வருடம் தாண்டிய பெண்ணுக்கு அதன்பிறகு துளி ரத்தம் பட்டாலும் பார்த்தே ஆக வேண்டும். டமாக்சிஃபென் சாப்பிடுகிறவர் என்றால் சாக்குச் சொல்லவே இடமில்லை. மார்பில் பெண் ஹார்மோனின் வேலையைத் தடுக்கிற இந்த மாத்திரை, கர்ப்பப்பையின் உள்சவ்வில் அதே ஹார்மோனைப் போல லேசாக வேலை செய்யும். அதனால் சிலருக்கு உள்சவ்வு தடிக்கும், சிலருக்கு உள்ளே சதை வளரும், மிகச் சிலருக்கு அந்தச் சவ்விலேயே புற்றுநோய் வரும். தூரம் நின்ற பெண்களிடம் இந்த ஆபத்து, மாத்திரை சாப்பிடாதவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு.

மடங்கு என்று படித்ததும் மாத்திரையைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். கர்ப்பப்பை உள்சவ்வுப் புற்று சாதாரணமாகவே குறைவாகத்தான் வருகிறது. அதை மூன்றால் பெருக்கினாலும் சின்ன எண்தான். மறுபக்கம், ஹார்மோனுக்குக் கட்டுப்படும் மார்பகப் புற்றில் ஐந்து வருடம் டமாக்சிஃபென் சாப்பிட்டவர்களிடம், அந்த நோயால் வரும் சாவு பதினைந்து வருடக் கணக்கில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது. நான்கு வருடமாக உங்களைக் காத்து நிற்பதில் அந்த மாத்திரைக்குப் பெரிய பங்கு உண்டு.

தூரம் நின்ற பிறகு ரத்தம் பட்டு வரும் பெண்களில் சுமார் பத்தில் ஒருவருக்குத்தான் புற்றுநோய் இருக்கும். மற்றவர்களுக்குச் சவ்வு வறண்டு உரிந்திருக்கும், அல்லது சதை வளர்ச்சி இருக்கும். நீங்கள் அந்த ஒன்பது பேரில் ஒருவராக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ஆனால் கறையின் நிறத்தையோ அளவையோ வைத்து அதைச் சொல்ல என்னாலும் முடியாது, யாராலும் முடியாது. லேசாகப் பட்டாலும் பார்க்க வேண்டும், ஒரே ஒரு நாள் பட்டு நின்றிருந்தாலும் பார்க்க வேண்டும்.

அங்கே என்ன செய்வார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். போகாமல் தடுப்பது அந்தத் தெரியாமைதான். முதலில் உள்வழி ஸ்கேன் எடுக்கலாம். டமாக்சிஃபென் சாப்பிடுகிறவர்களுக்கு உள்சவ்வு ஸ்கேனில் பெரும்பாலும் கொஞ்சம் தடிப்பாகவே தெரியும். ஆகவே தடிப்பு என்று ரிப்போர்ட் வந்தால் கலங்கவும் வேண்டாம், ஸ்கேன் நன்றாக இருக்கிறது என்று அதோடு திரும்பி வரவும் வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பப்பை வாய்க்குப் பார்க்கும் பரிசோதனை நார்மல் என்று வைத்திருப்பீர்கள். அது வாய்க்கான சோதனை, உள்சவ்வைப் பற்றி ஒன்றும் சொல்லாது. விடை தருவது பயாப்ஸிதான். உறிஞ்சுகுழாயைவிட மெல்லிய ஒரு பிளாஸ்டிக் குழாயை உள்ளே விட்டு, சவ்வில் துளி எடுப்பார்கள். கத்தி இல்லை, தையல் இல்லை, பெரும்பாலும் மயக்க மருந்தும் வேண்டாம். சில நிமிட வேலை. தூர வலி போல அடிவயிறு இழுக்கும், அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம்.

கத்தி பட்டால் பரவும் என்ற பேச்சு கிழக்குக் கரையில் ஊர் ஊராக ஓடுகிறது. அந்தக் காலத்தில் கட்டி முற்றிய பிறகே ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். திறந்து பார்த்தால் ஏற்கெனவே பரவியிருக்கும். சில மாதத்தில் இறந்துபோனதும் பழி கத்தியின் மேல் விழுந்தது. உங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு வருடம் முன்பு உங்கள் மார்புக் கட்டியிலிருந்து எடுத்த சதையைச் சோதித்துத்தான், இது ஹார்மோனுக்குக் கட்டுப்படும் வகை, டமாக்சிஃபென் பொருந்தும் என்று தெரிந்துகொண்டார்கள். அன்று எடுக்க விடாமல் இருந்திருந்தால் இன்று எனக்குக் கடிதம் எழுத உட்கார்ந்திருப்பீர்களா?

உங்களுக்கு உண்மையில் பயம் எது என்று எனக்குத் தெரிகிறது. யாராவது வாயைத் திறந்து ‘மறுபடி வந்துவிட்டது’ என்று சொல்லிவிடுவார்களோ என்பதுதான். அதனால்தான் அவசியமில்லாத ரத்தச் சோதனைக்குத் திரும்பத் திரும்பக் காசு கொடுக்கிறீர்கள், சோதிக்க வேண்டியதற்கு வெந்தயம் குடிக்கிறீர்கள். கேளுங்கள். கர்ப்பப்பையின் உள்சவ்வில் ஏதாவது இருந்தால் அது பெரும்பாலும் பழைய மார்பு நோய் திரும்பியதாக இருக்காது, வேறு நோயாக இருக்கும். ரத்தம் காட்டிவிடுவதால் பெரும்பாலும் ஆரம்பத்திலேயே பிடிபடும். கர்ப்பப்பையைத் தாண்டாத நிலையில் பிடிபட்டால் பலருக்கு அறுவை சிகிச்சையோடு முடிந்துவிடும். இரண்டு மாதம் சூடு என்று தள்ளிப்போட்டால் இந்த வசதியைத்தான் இழப்பீர்கள்.

இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மகளிர் பிரிவுக்கே போகலாம். மதுரை ஃபைல், ஆபரேஷன் சம்மரி, மாத்திரை அட்டை மூன்றையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். உட்கார்ந்ததும் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: ‘மார்பகப் புற்றுக்கு டமாக்சிஃபென் நான்கு வருடமாகச் சாப்பிடுகிறேன், தூரம் நின்ற பிறகு இப்போது ரத்தம் படுகிறது.’ வெட்கப்பட்டு ‘வெள்ளைப்படுது’ என்று மாற்றிச் சொல்லாதீர்கள். கட்டி கட்டியாகப் போனாலோ, ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் நனைந்தாலோ அன்றே அவசரப் பிரிவு. மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். மதுரை புற்றுநோய் மருத்துவருக்கு இந்த வாரமே போனிலாவது தெரிவியுங்கள், நிறுத்தி வைக்கலாமா என்பதை அவர் சொல்லட்டும். அன்று உங்களுக்கு மாதவிடாய் இருந்த வயது, அதனால் டமாக்சிஃபென் கொடுத்தார்கள். இப்போது நிரந்தரமாக நின்றுவிட்டது என்று உறுதியானால் லெட்ரோசோல் போன்ற மாத்திரைக்கு மாற்ற வழி உண்டு. அது கர்ப்பப்பையைத் தொடாது. எலும்பைத் தேய்க்கும், அதற்கு எலும்பு அடர்த்தி பார்த்துக் கால்சியம் சேர்ப்பார்கள். அதை முடிவு செய்ய வேண்டியவர் அவர். வாட்ஸ்அப் வைத்தியர் இல்லை.

இனி மற்றவை. சி.ஏ. 15-3 பல லேபுகளில் 30 வரை நார்மல். 18-ம் நார்மல், 24-ம் நார்மல். லேப் மாறினாலே இந்த அளவு ஏறி இறங்கும். தொந்தரவு இல்லாதவருக்கு இந்தச் சோதனையும் வேண்டாம், பெட் ஸ்கேனும் வேண்டாம். இத்தாலியில் தலா ஆயிரத்துக்கு மேற்பட்ட பெண்களை வைத்து இரண்டு ஆய்வுகள் செய்து 1994-ல் வெளியிட்டார்கள். சிகிச்சை முடிந்தவர்களில் ஒரு பாதிக்கு அடிக்கடி எலும்பு ஸ்கேன், நெஞ்சு எக்ஸ்ரே என்று தேடித் தேடிப் பார்த்தார்கள். மறுபாதிக்கு மருத்துவர் கைப்பரிசோதனையும், மேமோகிராம் என்ற மார்பகப் படமும் மட்டும். ஆயுளில் வித்தியாசம் இல்லை. உங்களுக்கு வேண்டியது வருடம் ஒரு முறை வலது மார்புக்கு மேமோகிராம், ஆறு மாதத்துக்கோ வருடத்துக்கோ ஒரு முறை மருத்துவர் கையால் பார்ப்பது. ஒரே எலும்பில் வாரக்கணக்கில் விடாத வலி, காரணமில்லாத மூச்சிரைப்பு, ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, இவை வந்தால் தேதிக்குக் காத்திருக்காமல் போங்கள்.

மஞ்சள் கேப்சூலை இன்றே நிறுத்துங்கள். நெதர்லாந்தில் டமாக்சிஃபென் சாப்பிடும் பெண்களுக்கு மஞ்சள் சத்து மாத்திரை கொடுத்துப் பார்த்து 2019-ல் வெளியிட்டார்கள். உடலில் வேலை செய்ய வேண்டிய மருந்தின் அளவு ரத்தத்தில் குறைந்தது, மிளகுச் சத்தும் சேர்ந்தபோது இன்னும் குறைந்தது. கடையில் வரும் கேப்சூல்கள் பலவற்றில் அந்த மிளகுச் சத்து இருக்கிறது. மகன் பாசத்தில் அனுப்பியதுதான், ஆனால் உங்கள் மருந்தின் பலத்தைக் குறைக்கிறது. மீன்குழம்பில் போடும் மஞ்சள், மிளகு பற்றி நான் பேசவில்லை, அது தாராளமாக இருக்கட்டும்.

முள் சீத்தா கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்களைக் கொன்றதை வைத்து வீடியோ போடுகிறார்கள். ஃபினாயிலும் அந்தச் செல்களைக் கொல்லும். மனிதர்களிடம் புற்றுநோயைக் குணமாக்கியதற்கு நம்பத்தக்க ஆய்வு கிடையாது. குவாடலூப் தீவில் அந்தப் பழத்தையும் இலைத் தேநீரையும் நிறையச் சாப்பிட்டவர்களிடம், நடுக்குவாதம் போன்ற ஒரு நரம்பு நோயோடு அதைத் தொடர்புபடுத்தியிருக்கிறார்கள். கஷாயத்தைக் கொட்டிவிடுங்கள்.

மாத்திரையை நிறுத்தச் சொல்லும் சூரணக்காரரைப் பற்றி எனக்குப் பொறுமை இல்லை. டப்பாவில் என்னென்ன இருக்கிறது, என்ன பதிவு எண் என்று கேளுங்கள், பதில் வராது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தார் 2018-ல் வெளியிட்ட ஆய்வில், மார்பகப் புற்றுக்கு வழக்கமான சிகிச்சையை விட்டு மாற்று வைத்தியத்தை மட்டும் நம்பியவர்களின் சாவு, சிகிச்சை எடுத்தவர்களைவிட ஐந்து மடங்குக்கு மேல் இருந்தது. சித்த மருத்துவத்தின் மேல் எனக்கு விரோதம் இல்லை. அரசு மருத்துவமனைகளிலேயே படித்துப் பதிவு பெற்ற சித்த மருத்துவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். பசிக்கும் தூக்கத்துக்கும் அவரிடம் போங்கள், மாத்திரை அட்டையைக் காட்டிவிட்டு மருந்து வாங்குங்கள். நல்ல மருத்துவர் அந்த மாத்திரையை நிறுத்தச் சொல்ல மாட்டார். அசதிக்கு யோகாவும் நடையும் உண்மையாகவே உதவும்.

நண்டும் இறாலும் சாப்பிடுங்கள், பால்சுறாப் புட்டும் சாப்பிடுங்கள். சர்க்கரை சாப்பிட்டால் புற்று வளரும் என்பது வெறும் பேச்சு. எடை ஏறாமல் பார்த்துக்கொள்ளத்தான் இனிப்பைக் குறைக்க வேண்டும்.

பாசிக்குப் போகலாம். ஒரே கவலை இடது கை. அக்குளில் நெறிக்கட்டிகளை எடுத்திருப்பார்கள். அந்தக் கையில் நிணநீர் சரியாக வடியாது, கிருமி புகுந்தால் வேகமாகப் பரவும். பாரில் (கடல் பாறைத் திட்டில்) மரிக்கொழுந்துப் பாசி பறிக்கும்போது விரலில் சுற்றும் துணி ஊறி நழுவி, கல் கீறுவது உங்களுக்கே தெரியும். வெதுவெதுப்பான கடல் தண்ணீரில் காயத்தைச் சீழாக்கும் கிருமிகள் உண்டு. துணிக்குப் பதிலாக இடது கைக்குக் கெட்டியான ரப்பர் கையுறை போடுங்கள். கீறினால் கரை ஏறியதும் நல்ல தண்ணீரும் சோப்பும் போட்டுக் கழுவுங்கள், மறுநாள் அந்தக் கையைத் தண்ணீரில் இறக்காதீர்கள். கை சிவந்து சுட்டாலோ, குளிர் காய்ச்சல் வந்தாலோ மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்காமல் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். அந்தக் கையால் பாரம் தூக்கவே கூடாது என்பது பழைய பேச்சு. கொஞ்சம் கொஞ்சமாகப் பாரத்தைக் கூட்டினால் அதனால் வீக்கம் வரும் ஆபத்து கூடுவதில்லை என்று 2009 முதல் வந்த ஆய்வுகள் காட்டிவிட்டன. முதல் வாரமே நனைந்த மூட்டையைச் சுமக்காதீர்கள், அவ்வளவுதான். வளையல் இறுகினாலோ, கை கனத்தாலோ மதுரையில் காட்டுங்கள், அழுத்த உறை தருவார்கள்.

ஆனால் கடலுக்கு இறங்குவது பயாப்ஸி முடிந்து சில நாள் கழித்துத்தான். ரிசல்ட் வந்ததும் ஒரு நகலை மதுரை ஃபைலில் சேர்த்துவிடுங்கள். நார்மல் என்று வந்து, அதற்குப் பிறகும் ரத்தம் பட்டால் ‘ஏற்கெனவே பார்த்தாச்சு’ என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். அந்தச் சின்னக் குழாய் சதை வளர்ச்சியைத் தவறவிடுவது உண்டு. மறுபடி போய், கேமரா விட்டுப் பார்க்கும் ஹிஸ்டெரோஸ்கோப்பி வேண்டும் என்று நீங்களே கேளுங்கள்.